கிளென்மார்கன் சரிவில் ஒரு செடி, ஒரு மரம்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் போய், வலப்பக்கம் பிரியும் கிளைச் சாலையைப் பிடித்தால் கிளென்மார்கன் வந்துவிடும். நீலகிரி மேட்டுநிலம் முடிகிற விளிம்பு இது. வானம் தெளிந்த நாளில் கீழே முதுமலைக் காடும் மாயாறு பள்ளத்தாக்கும் தெரியும். மலையடிவாரத்தில் சிங்காரா. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. மேலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் இறங்குவதற்கான விஞ்ச் பாதை கிளென்மார்கனில் தொடங்குகிறது.

சுற்றுலா வருபவர்களின் கண் பள்ளத்தாக்கைத் தேடும். விவசாயியின் கண் சரிவுகளில் நிற்கும். இடுப்பு உயரத்துக்குப் பாய் விரித்தது போலத் தேயிலை. அதன் நடுவே உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக். நீலகிரி முழுக்கப் பார்க்கிற ஜோடிதான் இது. ஆனாலும் சிறு தேயிலை விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இந்த ஜோடியைப் பற்றியதே: "பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. மரத்தையாவது வெட்டி விற்றுவிடலாமா?"

அதற்குப் பதில் சொல்ல, இரண்டின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

பூக்க விடாத பூச்செடி

தேயிலை பல்லாண்டு வாழும் பூக்கும் தாவரம். வெட்டாமல் விட்டால் மரமாகவே வளரும். அசாம் வகை 10 மீட்டரைத் தாண்டும். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக அழகாகப் பூக்கும். ஆனால் தோட்டக்காரருக்குப் பூ தேவையில்லை. பூவுக்கும் காய்க்கும் போகிற சத்து கொழுந்துக்குப் போக வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பறிப்பதும், 4-5 ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வதும் செடியைத் தழைத்துக்கொண்டே இருக்க வைக்கத்தான். பராமரிப்பு விட்டுப்போன தோட்டத்தில் பூவும் காயும் கூடுவதைப் பார்க்கலாம்.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. நீர் தேங்கக் கூடாது. வெயில் வேண்டும், ஆனால் சுடுவெயில் ஆகாது. சுடுவெயிலில் செஞ்சிலந்தி ஏறும். நிழல் மிகுந்து ஈரம் காயாமல் நின்றால் மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நிழல் மரத்தின் வேலை.

பெயரில் மட்டும் ஓக்

சில்வர் ஓக் உண்மையில் ஓக் இனமே அல்ல. கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வன்மரம் என்று வகைப்படுத்தினாலும் தேக்கு போன்ற உறுதி கிடையாது. ஒட்டுப்பலகைக்கும் பெட்டிப் பலகைக்கும் அதிகம் போகிறது. இலை பெரணி போலப் பிளவுபட்டிருக்கும்; அடிப்பக்கம் வெள்ளி நிறம். அந்த இலை வழியே வெயில் சல்லடை போட்டது போல விழும். தேயிலைக்கு ஏற்ற நிழல் இதுதான்.

வேர் ஆழமாக இறங்குவதால் தேயிலையோடு நீருக்குப் போட்டி குறைவு. கொத்துக் கொத்தான நுண்வேர்கள் வளம் குறைந்த மண்ணிலிருந்தும் மணிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் மரத்துக்கென்று தனியாக மணிச்சத்து உரம் போட வேண்டியதில்லை. கோடையில் உதிரும் இலை மூடாக்காகி ஈரத்தைக் காக்கும். உறைபனி இறங்கும் இரவுகளில், மேலே கிளைவிரிப்பு இருக்கும் இடத்தில் கொழுந்து கருகுவது குறையும்.

குறையும் உண்டு. கிளைகள் எளிதில் முறியும். காற்று நேராக அடிக்கும் விளிம்புகளில் கவனம் தேவை. இளங்கன்று உறைபனியைத் தாங்காது. விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். சேகரித்ததும் விதைப்பது நல்லது.

நடவின்போது 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளி விடுவது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. 8-10 ஆண்டில் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டதும், ஒன்றுவிட்டு ஒரு மரத்தை எடுத்துவிட வேண்டும். நிற்கும் மரங்களைச் சுமார் 8 மீட்டர் உயரத்தில் நுனி வெட்டி, பக்கக் கிளைகளைப் பரவ விடலாம். நேராக மேலே எழும் கிளைகளை ஆண்டுதோறும் கழிக்க வேண்டும். பெருமழை தொடங்கும் முன் இந்த வேலை முடிந்தால், மழைநாளில் தேயிலைக்கு வெளிச்சம் கிடைக்கும்.

கணக்கு வேரில்

இரண்டுக்கும் அரிவாள் தேவை. எப்போது வெட்டலாம் என்பதை வேரில் உள்ள மாவுச்சத்தே சொல்லும். ஆனால் செடிக்கு ஒரு கணக்கு, மரத்துக்கு அதன் நேர் எதிர்க் கணக்கு.

தேயிலையைக் கவாத்து செய்யும்போது வேரில் மாவுச்சத்து நிறைந்திருக்க வேண்டும். இலையை முழுக்க இழந்த செடி, வேரில் சேர்த்ததைக் கொண்டுதான் மறுபடி துளிர்க்கும். அதனால் கவாத்துக்கு முன் சில வாரம் பறிக்காமல் ஓய்வு கொடுப்பார்கள். பென்சில் கனமுள்ள வேரை வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவினால் கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் கவாத்தைத் தள்ளிப்போடலாம். நீலகிரியில் ஏப்ரல்-மே அல்லது ஆகஸ்ட்-செப்டம்பர் கவாத்துக் காலம். தாழ்வாக வெட்டும்போது ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு, வெட்டுக்காயத்தில் போர்டோ பசை பூச வேண்டும்.

சில்வர் ஓக்கை அகற்றும்போது வேரில் மாவுச்சத்து தீர்ந்திருக்க வேண்டும். பச்சையாக வெட்டிச் சாய்த்தால், சத்து நிறைந்த வேர் மண்ணுக்குள் கிடந்து வேரழுகல் பூஞ்சாணத்துக்குத் தீனியாகும். அங்கிருந்து நோய் பக்கத்துத் தேயிலை வேருக்குத் தாவும். அடிக்கட்டையைச் சுற்றி வட்டமாகச் செடிகள் காயும். இதைத் தவிர்க்க, அடிமரத்தில் வளையமாகப் பட்டையை உரித்து, மரத்தை நின்றபடியே காய விடுவார்கள். இலையிலிருந்து உணவு இறங்காது; வேரில் இருந்ததும் மெல்லத் தீர்ந்துவிடும். பிறகு வெட்டினால் ஆபத்து குறைவு. அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அவசரத்தில் விற்பவருக்கு இந்த இரண்டாவது கணக்கு தெரிவதில்லை. வியாபாரி தரும் பணம் ஒருமுறை வரும். ஒரே நாளில் மொத்த மரமும் போனால் அடுத்த கோடையில் செஞ்சிலந்தி, அடுத்த பனியில் கருகல், சில ஆண்டில் வேரழுகல் என்று இழப்பு வரிசையாக வரும். புதிதாக வைக்கும் கன்று நிழல் தரப் பல ஆண்டு ஆகும்.

பணம் தேவைப்படும் விவசாயிக்கும் வழி இருக்கிறது. எடுக்க வேண்டிய மரங்களை, அதாவது நெருக்கமாக நிற்பவற்றையும் சாய்ந்தவற்றையும், முதலில் குறித்துக்கொள்ளலாம். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். பட்டை உரிப்பதற்கும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது பாதுகாப்பு. எடுக்கப்போகும் மரத்துக்குப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு கன்றை வைத்து, பனிக்காலத்தில் மூடிக் காப்பாற்றலாம். தேயிலை கவாத்தாகும் ஆண்டிலேயே மரத்தையும் சாய்த்தால், விழும் மரத்தால் செடிக்குச் சேதம் குறையும்.

மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும்போது, கிளென்மார்கனில் முதலில் தேயிலை மறையும். சில்வர் ஓக் உச்சிகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். மரங்கள் சீராக இடைவெளி விட்டு நிற்கும் சரிவு எது, மொட்டையாகக் கிடக்கும் சரிவு எது என்பதை அப்போது தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.