பாருக்குப் போனவர்களின் ஊர்

தூத்துக்குடிக்குக் குடிவந்த ஒருவரைச் சந்தித்தால், எந்தக் காற்றில் வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனி, ஆடியில் வந்திருந்தால் அவர் பார்த்தது கச்சான் காற்று. மேற்கு மலையின் கணவாய்களில் நுழைந்து தேரி மணலை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுகிற காற்று அது. ஐப்பசி, கார்த்திகையில் வந்திருந்தால் வாடை. மாசி, பங்குனியில் வந்தவர்தான் கொடுத்துவைத்தவர். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் அடங்கித் தெளிந்து கிடக்கும் அந்த வாரங்களில்தான் இந்த ஊர் நூற்றாண்டுகளாக முத்துக் குளித்தது.

ரயிலிலும் விமானத்திலும் வந்து இறங்குபவர்கள் ஊரைப் பின்பக்கமாக நுழைந்து பார்க்கிறார்கள். உப்பளங்கள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இது தொழிற்சாலை ஊர் என்று முடிவுகட்டி, வேலை முடிந்ததும் மதுரைக்கோ குற்றாலத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த ஊருக்கு வாசல் கிழக்கே இருக்கிறது. அந்த வாசல் வழியாக வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களே மறந்துவிட்டதை எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள்.

1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். சேவியர் ஊர் ஊராக நடந்து, சில ஆண்டுகளிலேயே கிழக்கு நாடுகளை நோக்கிப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கி அடிகளார் போகவில்லை. போர்ச்சுக்கல்லின் விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். யூத வழியில் வந்த குடும்பம் என்பதால் சொந்த நாட்டில் துறவு சபைகளின் கதவு அவருக்கு எளிதில் திறக்கவில்லை. இங்கே புன்னைக்காயலில் தங்கி, கரைக்காரர்களிடம் தமிழ் கற்று, மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசினார். தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்தக் கரையிலேயே வாழ்ந்து 1600இல் இறந்தார். தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இருந்தார்கள். பண்டகசாலை கட்டினார்கள், முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் கணக்கு எழுதினார்கள், 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரொட்ரிகோ என்ற பெயர்கள் இன்றும் வீட்டுக்கு வீடு வழங்குகின்றன. டச்சுப் பெயரோடு ஒரு குடும்பத்தை இந்த ஊரில் நான் கண்டதில்லை.

நான் சொல்ல விரும்பும் ஆள் ஜேம்ஸ் ஹார்னெல். 1865இல் பிறந்த பிரிட்டிஷ்காரர், கடல் உயிரியல் அறிஞர். 1902இல் இலங்கையின் முத்துப் பார்களை ஆராயப் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தபோது உடன் வந்தவர். ஹெர்ட்மன் சில மாதங்களில் திரும்பிவிட, ஹார்னெல் தங்கிவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்துப் பார்களுக்கும் சங்குக் குளிப்புக்கும் பொறுப்பேற்றார். பின்னாளில் அந்தத் துறைக்கே இயக்குநரானார்.

அவர் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். ஊர் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கியது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஊர் முகம் கொடுக்காத நேரம். ஹார்னெலும் சர்க்கார் ஆள்தான். முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். அள்ளிவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அந்தக் கணக்கை நடத்திய அதிகாரி அவர். அதை மறைக்கக் கூடாது.

ஆனாலும் அவர் பாருக்குப் போனார், குளியாளிகளின் பேச்சைக் கேட்டார். பார் என்பது கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டு. ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தொள்ளாயிரம் பார் அதில் பேர்போனது. வள்ளத்தில் கிளம்பி, கரை அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து இடம் கண்டுபிடிப்பார்கள். குளியாளி கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு இறங்குவார். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில், ஒரு நிமிடத்துக்கு முன்பின், கைக்கு எட்டிய சிப்பியை வலைப்பையில் போட்டுக் கயிற்றைச் சுண்டுவார். மேலே கயிறு பிடிப்பவரின் கவனத்தில்தான் அவருடைய உயிர். அதனால் அந்த இடத்தில் மச்சானையோ அண்ணன் தம்பியையோ நிறுத்துவது வழக்கம். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரரைக் கடல்கட்டி என்றார்கள். அவர் கரையில் இல்லாமல் கடலில் இறங்கப் பலர் மறுத்தார்கள். பங்குக் கணக்கெழுதும் சர்க்காரும் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகள் சிப்பி கொழித்துக் கிடக்கும், பிறகு பல்லாண்டுகள் ஒன்றுமிருக்காது. இந்தப் புதிருக்கு விடை தேடித்தான் அறிஞர்களை அனுப்பியது அரசு. மணல் நகர்ந்து பாரை மூடுவது, திருக்கையும் கிளாத்தியும் சிப்பியைக் கடித்துத் தின்பது, சூரன் என்ற சிறு மட்டி பாய் விரித்ததுபோல் பரவி இளஞ்சிப்பியை மூச்சடைக்கச் செய்வது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. கிளாத்தி, சூரன் எல்லாம் குளியாளிகள் வைத்த பெயர்கள். ஆங்கில அறிக்கையில் ‘சூரன்’ அப்படியே ஏறியிருக்கிறது. கடலடியைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்தான் என்பதை ஹார்னெல் அறிந்திருந்தார்.

1914இல் அவருடைய சங்கு நூல் சென்னை மீன்துறை வெளியீடாக வந்தது. சங்கின் வாழ்க்கை, குளிக்கும் முறை, வங்காளத்துக்கு ஏற்றுமதியாகி டாக்காவில் வளையலாக அறுபடுவது, வலம்புரியின் மதிப்பு என எல்லாம் அதில் உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே இன்று வயலும் குளமுமாகக் கிடக்கும் கொற்கையில், அறுத்த தடம் உள்ள சங்குத் துண்டை அவர் கண்டெடுத்தார். பாண்டியர் துறைமுகத்தில் சங்கறுக்கும் பட்டறை இருந்தது என்பதற்கு அது சாட்சி. 1922இல் முத்துக்குளிப்பு பற்றிய நூல் வந்தது. அதற்கும் முன்பே, 1920இல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி எழுதியிருந்தார். கட்டுமரமும் வள்ளமும் தோணியும் அவரை எங்கோ இழுத்துக்கொண்டு போயின. பசிபிக் தீவுகளின் படகுகளுக்கும் தென்னிந்தியக் கரைப் படகுகளுக்கும் உறவு உண்டென்று நம்பினார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆய்வுக் கப்பலில் பசிபிக் வரைக்கும் போய்த் தேடினார். உலகப் படகுகளின் தோற்றத்தையும் தொடக்க கால வளர்ச்சியையும் பற்றி 1946இல் அவர் வெளியிட்ட நூலை அந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் படிப்பில் ஒரு பெரும்பகுதி இந்தக் கரைகளில் நடந்தது என்று தூத்துக்குடியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை ஒரு மூச்சு நடந்து நின்றது. அதன் பிறகு இல்லை. 1973இல் இதே ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வான் தீவைச் சுற்றிய பவளப் பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி அள்ளினார்கள். பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன், சொல்லும்போது மனசு கனக்கிறது என்பதால்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கடல் உண்டா? உண்டு. கச்சான் வீசும் மாதங்களில், பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் பாயும் விளையாட்டுக்கு வெளிநாட்டு இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். ஊரார் அலுத்துக்கொள்ளும் காற்றைத் தேடி விமானமேறி வருகிறார்கள் அவர்கள். அவர்களில் சிலர் மாலையில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த மக்ரூனைக் காகிதப் பொட்டலத்திலிருந்து தின்றுகொண்டு, கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே பாதிக் கதவு திறக்கும்.

மீதிக் கதவு திரேஸ்புரத்தில் இருக்கிறது. வள்ளங்கள் கரை சேரும் இடம். சங்குக் குளியாளிகள் இன்றும் இருக்கும் இடம். ஜூலை 26இல் பனிமய மாதா கோயிலில் கொடி ஏறி, ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு ஊர் கூடும். கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போன தூத்துக்குடிக்காரர்கள் அப்போது வீடு திரும்புவார்கள். வெளியூரில் புதியவனாக வாழ்வது எப்படி என்று அவர்களிடம் கேளுங்கள். கடலை அறிய வேண்டுமென்றால் திருவிழா முடிந்து, கச்சான் ஓய்ந்து, வாடை தணியும்வரை பொறுத்திருங்கள். மாசியில் திரேஸ்புரம் போங்கள். கேமராவைப் பையிலேயே வையுங்கள். வலை சரிசெய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே கிடக்கும் பார்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தவை எந்த வரைபடத்திலும் முழுதாக இல்லை.