மூன்று புள்ளிக் கோடு

எங்கள் தருமபுரிக் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலோரம் முன்னாள் மாணவர்கள் மாலைதோறும் தீர்ப்பு வழங்குவர்: "அன்றைய அணிக்கு இவர்கள் உறை போடக் காணுமா?" ஆடுவோர் காதில் விழும்படியாகத்தான்.

இவ்வழக்கு 2024-இல் அமெரிக்காவிலும் எழுந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க், பீட் மராவிச் 1970-இல் நிறைவுசெய்த 3,667 புள்ளிகளைக் கடந்தார். மராவிச் ஆடியவை மூன்றே பருவங்கள், 83 ஆட்டங்கள். மூன்று புள்ளிக் கோடும் அன்று இல்லை. கிளார்க்குக்கோ நான்கு பருவங்களும் அக்கோடும் வாய்த்தன. அங்கே வாதிட ஏடுகளேனும் உண்டு. இங்கே நினைவு மட்டுமே. அந்நினைவில் வளையம் தவறிய பந்து ஒன்றுகூட இல்லை. இன்றைய பையன் தவறவிடுவதையோ நாங்கள் அனைவரும் எண்ணுகிறோம்.

சென்ற வாரம் ஒருவன் கேட்டேவிட்டான்: "அவர் ஆடியதை யாரேனும் எழுதி வைத்தார்களா, அண்ணா?" பெரியவர்கள் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டனர்.