மோதியதும் மோதுண்டதும்

1992ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமைப் பத்திரிகைக்கான இரவுக் கடமையில் இருந்தேன். ஞாயிறு இரவுகளில் ஆசிரியபீடத்தில் ஆட்கள் குறைவு. வடக்கு, கிழக்கிலிருந்து வந்த செய்திகளைச் சரிபார்த்து முடிப்பதற்கே நேரம் போதாது. விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் அன்று விடுமுறை. எனவே தொலையச்சில் வந்து குவிந்திருந்த வெளிநாட்டு விளையாட்டுச் செய்திகளும் என் தலையில் விழுந்தன.

அவற்றுள் ஒன்று அவுஸ்திரேலியாவின் பதர்ஸ்ட் நகரிலிருந்து வந்தது. நியூஸிலாந்தைச் சேர்ந்த டென்னி ஹல்ம், 1967ஆம் ஆண்டின் போர்முலா வன் உலக சம்பியன், தமது 56ஆவது வயதில் 1,000 கிலோமீற்றர் காரோட்டப் போட்டியில் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றைச் செலுத்திக்கொண்டிருக்கையில் காலமானார் என்பது செய்தி. கடும் மழை. பார்வை மங்கலாக இருக்கிறது என்று வானொலித் தொடர்பு மூலம் தமது அணியினருக்கு அறிவித்திருக்கிறார். சற்று நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வரும் நீண்ட நேர்ப்பாதையில் கார் விலகி, சுவரில் உராய்ந்து, ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

நான் நான்கு வரி எழுதி, மேலே தலைப்பும் போட்டேன்: 'கார் சுவரில் மோதி முன்னாள் உலக சம்பியன் பலி'. செய்தியாசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். பின்னர் தொலையச்சுத் தாளையும் வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, மோதினதாலை செத்தவரோ, இல்லாட்டிச் சாகப் போனதாலை கார் மோதினதோ?"

தாளின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது. அவசரத்தில் நான் அதுவரை வாசிக்கவில்லை. தலைப்பை மாற்றினேன். காருக்குள் இருந்தவரின் நெஞ்சில் நடந்ததை விட்டுவிட்டு, வெளியே இருந்த சுவரைக் குற்றவாளியாக்கியிருந்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை, சில மணித்தியாலங்கள் கழித்து, உலகின் மறுபுறத்தில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இன்னொரு காரோட்டப் போட்டி நடந்தது. பிரித்தானிய டூரிங் கார் சம்பியன் போட்டித் தொடரின் இறுதிச் சுற்று அது. அதுபற்றி ஒரு வரியேனும் எங்கள் மேசைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருந்தாலும் குப்பைக் கூடைக்கே போயிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2004இல் லண்டன் சென்றிருந்தபோதுதான் அதனைப் பார்த்தேன். என் தமக்கையின் மகன் அங்கு நெடுங்காலமாக வசிப்பவர். காரோட்டப் போட்டிகளில் தீராத பித்து. பி.பி.சி. ஒளிபரப்பிய தொகுப்பை வீடியோ நாடாவில் பதிவுசெய்து, உறையின் மேல் திகதியும் எழுதி வைத்திருந்தார். "மாமா, இதை ஒருக்காப் பாருங்கோ. பேந்து நீங்களே சொல்லுங்கோ, இது நியாயமோ எண்டு." திகதியைக் கண்டதும் எனக்குப் பதர்ஸ்டும் அந்த நான்கு வரிகளும் ஞாபகத்துக்கு வந்தன.

இத்துறையில் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். டூரிங் கார்கள் பந்தயத்துக்கென்றே பிறந்த வாகனங்கள் அல்ல. சாதாரண வீட்டு வாசல்களில் நிற்கும் குடும்பக் கார்களின் தோற்றம் கொண்டவை. உள்ளே மட்டும் வேறு பிறவி. 1992இல் பிரித்தானியத் தொடரில் இரண்டு லீற்றர் எஞ்சின்களுக்கு மட்டுமே இடம். எஞ்சின் நிமிடத்துக்கு 8,500 சுழற்சிகளைத் தாண்டக் கூடாது. இவ்வாறு எல்லோரையும் ஒரே வேலிக்குள் அடைத்துவிட்டதால், பி.எம்.டபிள்யூவும் வொக்ஸோலும் ரொயோட்டாவும் சுற்றுக்குச் சுற்று ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டே ஓடின. போர்முலா வன் காரின் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை; சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் ஆகாயத்துக்குக் கிளம்பலாம். டூரிங் காரின் சக்கரங்கள் தகட்டுக்குள் மறைந்திருப்பதால் ஒருவரையொருவர் உரசலாம், முட்டலாம், தோளால் தள்ளுவதுபோல் கதவால் தள்ளலாம். அப்படித் தள்ளிய பின்னும் இருவரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே எது போட்டி, எது அடாவடி என்பதற்கிடையில் கோடு கிழிப்பது இங்கு மிகக் கடினம். அந்தக் கோட்டின் மேல் நின்றுதான் இவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

சில்வர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். 1991இல் அதன் ஓடுபாதையைத் திருத்தி, முடிவுக்கு அண்மையில் மெதுவான வளைவுகளைச் சேர்த்தார்கள். அவற்றுள் இடப்புறம் திரும்பும் புரூக்லண்ட்ஸ், அதையடுத்து வலப்புறம் திரும்பும் லஃபீல்ட் ஆகிய இரண்டும்தான் நமக்கு வேண்டியவை.

அன்று மூவருக்குச் சம்பியனாகும் வாய்ப்பு இருந்தது. வொக்ஸோல் கவலியர் காரில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் கிளீலண்ட், ரொயோட்டாவில் முந்திய ஆண்டின் சம்பியன் வில் ஹோய், பி.எம்.டபிள்யூவில் டிம் ஹார்வி. மூவருக்கும் இடையில் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளே வித்தியாசம். நான்காவதாக ஒருவர் இருந்தார். ஸ்டீவ் சோப்பர். அவருக்கு அன்று சம்பியனாகும் வாய்ப்பு இல்லை. ஆனால் அவர் ஹார்வியின் அணியைச் சேர்ந்தவர். அவரும் பி.எம்.டபிள்யூவில்தான் ஓடினார்.

சோப்பர் ஆரம்பத்திலேயே ஒரு மோதலில் சிக்கிப் பின்தள்ளப்பட்டார். வேறொருவராயின் அன்றைய பொழுது அதோடு முடிந்திருக்கும். இவரோ அடிபட்ட காருடன் ஒவ்வொருவராகத் தாண்டி, முடிவு நெருங்கும் வேளையில் கிளீலண்டும் ஹார்வியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார். நான் பார்த்த காரோட்டங்களுள் அதைவிடத் திறமையானதைச் சொல்வது கடினம். என் மருமகன் இந்த இடத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்.

பிறகு நடந்தது ஒருசில நிமிடங்கள்தான். இரண்டு பி.எம்.டபிள்யூக்களும் கிளீலண்டைத் தாண்டுகின்றன. ஹார்வி முன்னே போகிறார். சோப்பர் இடையில் நிற்கிறார். கார்கள் உரசுகின்றன. கிளீலண்ட் தமது ஆசனத்தில் இருந்தபடியே சோப்பரை நோக்கி ஒற்றை விரலை உயர்த்திக் காட்டுகிறார். அது என்ன சைகை என்பதை விளக்க வேண்டியதில்லை. வர்ணனையாளர் மரே வோக்கர், பி.பி.சியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை உணர்ந்தவராய், முதலிடத்துக்குப் போகிறேன் என்கிறார் கிளீலண்ட், என்று ஒரு போடு போட்டார். 2021இல் வோக்கர் தமது 97ஆவது வயதில் காலமான வேளையிலும் பலர் இதனை நினைவுகூர்ந்தனர். கெட்ட வார்த்தையை அச்சேற்ற முடியாமல் திண்டாடிய எந்தப் பத்திரிகையாளனும் அந்த ஒரு வசனத்துக்காக அவருக்குத் தலைவணங்குவான்.

புரூக்லண்ட்ஸ் வளைவில் கிளீலண்ட் மீண்டும் உள்ளே நுழைகிறார். இரு கார்களும் முட்டிக்கொள்ள, வொக்ஸோல் ஒருபக்கச் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழ, மற்ற இரண்டின் மேல் சாய்ந்தபடி சோப்பரைக் கடந்துவிடுகிறது. அடுத்த வளைவு லஃபீல்ட். சோப்பரின் பி.எம்.டபிள்யூ உட்புறத்தால் வருகிறது. கிளீலண்ட் வளைவுக்குள் திரும்புகிறார். இடி. இரு கார்களும் பாதையை விட்டு வெளியே. ஹார்வி ஓடி முடித்துச் சம்பியன் ஆகிறார். அன்றைய ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் யார் என்று கேட்டால், இதனை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் சற்று யோசிப்பார்கள்.

தொலைக்காட்சியின் ஒலிவாங்கி முன்னால் கிளீலண்ட், அந்த மனிதன் ஒரு மிருகம் என்றார். வேண்டுமென்று மோதவில்லை என்பது சோப்பரின் நிலைப்பாடு. ஒருவருடைய கூற்றையும் மற்றவருடைய கூற்றையும் அருகருகே போட்டால் செய்தி சமநிலை பெற்றுவிடும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அது உண்மைதானா என்று எனக்கு எப்போதும் ஐயம்.

மருமகன் நாடாவை நிறுத்தினார். "இப்ப சொல்லுங்கோ மாமா."

மறுபடி சுற்றச் சொன்னேன். ஆறு முறையாவது பார்த்திருப்போம். ஒவ்வொரு முறையும் என் மனம் ஒரு வினைச்சொல்லைத் தேடியது. சோப்பர் மோதினார் என்று எழுதினால் செயல் அவருடையதாகிவிடுகிறது. மோதித் தள்ளினார் என்றால் நோக்கமும் சேர்ந்துவிடுகிறது. மோதிவிட்டார் என்றால் பாவம், தவறி நடந்தது என்று மன்னிப்பும் உள்ளே வந்து குந்திவிடுகிறது. இலங்கைப் பத்திரிகைகளுக்கென்றே ஒரு சொல் உண்டு: மோதுண்டன. இரு வாகனங்களும் ஒன்றுடன் ஒன்று மோதுண்டன. யாரும் செய்யவில்லை, தானாகவே நடந்தது. விபத்துச் செய்தி எழுதும் ஒவ்வொரு நிருபரும் ஒளிந்துகொள்ளும் வைக்கோற்போர் அது. லஃபீல்டில் இரண்டு கார்கள் மோதுண்டன என்று எழுதுவது எவ்வளவு சரியோ அவ்வளவு கோழைத்தனம் என்றும் தோன்றியது.

நான் ஏன் இதில் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்பதை மருமகனுக்கு அன்று சொல்லவில்லை. இங்கு சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் நிருபராக ஓடித்திரிந்த காலம். வவுனியாவுக்குத் தெற்கே இரவில் ஒரு விபத்து. பயணிகள் மூவர் இறந்துவிட்டனர். தொலைபேசியில் கிடைத்த தகவலை வைத்து எழுதினேன். 'லொறி மோதி பஸ் பயணிகள் மூவர் பலி'. சாரதியின் பெயரும் ஊரும் செய்தியில் இருந்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நீதிமன்றத் தீர்ப்பின் பிரதி. மற்றக் கையில் நான் எழுதிய செய்தி, நான்காய் மடித்து, மடிப்புகள் கிழியத் தொடங்கிய நிலையில்.

"ஐயா, என்ரை மனுசன் லொறியை ஓரமா நிப்பாட்டிப்போட்டு ரயர் மாத்திக்கொண்டு நிண்டவர். நிண்ட லொறி எப்பிடி ஐயா மோதும்?"

பஸ்ஸின் பிரேக் வேலைசெய்யவில்லை என்பது தீர்ப்பில் இருந்தது. அதற்கிடையில் அந்த மனிதருக்கு எந்த முதலாளியும் வேலை கொடுக்கவில்லை. ஊரில் அவரைக் கொலைகாரன் என்று கூப்பிட்டார்களாம். உட்பக்கத்தில் மூன்று வரியில் திருத்தம் வெளியிட்டோம். அந்தப் பெண் அதையும் வெட்டி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு, எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ மரணங்களை எழுத நேர்ந்தது. கொல்லப்பட்டனர், உயிரிழந்தனர், பலியாகினர் என்ற மூன்றுக்கும் இடையில் எது என்று தீர்மானிக்க இரவின் பாதி போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த மடித்த தாள் கண்முன் வந்தது.

சோப்பருக்குக் காரணம் இருந்தது. தம் அணித்தோழர் சம்பியனாக வேண்டும். வாய்ப்பும் இருந்தது. முந்திய வளைவில் ஏற்பட்ட கோபமும் இருந்திருக்கலாம். இவை மூன்றும் இருந்தால் பொலிஸாருக்குப் போதும். ஆனால் அதிவேகத்தில் திறக்கும் ஓர் இடைவெளிக்குள் காரை நுழைப்பதே வாழ்க்கையாகக் கொண்ட மனிதருக்கு, அந்த அரைச் செக்கனில் தெரிந்தது இடைவெளியா, எதிரியின் கதவா?

சோப்பரின் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. 1983இல் இதே பிரித்தானியத் தொடரில் ரோவர் காரில் ஓடி முதலிடம் பெற்றவர் அவர். அடுத்த ஆண்டு, கார்கள் விதிகளுக்கு ஏற்ப இருக்கவில்லை என்ற தகராறின் முடிவில் ரோவர்களின் பெறுபேறுகள் நீக்கப்பட்டன. பட்டம் அன்டி ரவுஸுக்குப் போயிற்று. 1993இல் சோப்பர் மீண்டும் முயன்று, ஜேர்மனியரான ஜோகிம் விங்கல்ஹொக்குக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். 1995இல் ஜப்பானில் சம்பியனானார். பிரித்தானியப் பட்டம் மட்டும் கடைசிவரை கிட்டவில்லை. அதே 1995இல் கிளீலண்ட், 1989இல் வென்ற பட்டத்தை இரண்டாம் முறையும் வென்று ஆறுதல் அடைந்தார். வில் ஹோய் 2002 டிசம்பரில், 49 வயதில், மூளைப் புற்றுநோயால் காலமானார்.

பத்திரிகையாளர்கள் வெட்கப்படவேண்டிய ஒன்றும் இதில் உண்டு. ஹார்வியும் சோப்பரும் ஓடிய அணியின் உரிமையாளர் விக் லீ, போதைப்பொருள் கடத்திய குற்றத்துக்காக 1993இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பரீட்சார்த்த ஓட்டத்துக்கென நெதர்லாந்து போய்வந்த அணியின் பாரவண்டியில் சரக்கு வந்திருக்கிறது. எல்லோரும் லஃபீல்ட் வளைவில் அரைச் செக்கனில் சோப்பரின் மனதில் என்ன இருந்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாரவண்டிக்குள் என்ன இருந்தது என்று பார்க்கச் சுங்க அதிகாரிகள் வரவேண்டியிருந்தது.

இன்று அந்தக் காட்சியை இணையத்தில் எவரும் பார்க்கலாம். நானும் சென்ற வாரம் பார்த்தேன். அன்று லண்டனில், ஆறாம் முறை பார்த்து முடித்ததும் மருமகன் ஒரு தாளையும் பேனாவையும் என் முன் வைத்து, தலைப்புப் போடச் சொன்னார். சற்று யோசித்து எழுதிக் கொடுத்தேன்: 'இரு கார்கள் வெளியேற, ஹார்வி சம்பியன்'.

வாசித்தார். முகம் சுருங்கியது.

"மாமா, நீங்கள் சோப்பரின்ரை ஆள்" என்று சொல்லிவிட்டு, நாடாவை எடுத்து உறைக்குள் போட்டார்.