பந்தி எங்கே போயிற்று?

கத்தோலிக்கத் திருப்பலியானாலும் சி.எஸ்.ஐ. சபையின் திருவிருந்து ஆராதனையானாலும், வந்தவருக்குக் கிடைப்பது காசளவு அப்பமும் ஒரு மிடறு திராட்சரசமும்தான். பல கோவில்களில் அந்த மிடறும் குருவானவரோடு நின்றுவிடும். ஆனால் இதற்கு மூலமாகச் சொல்லப்படுவது எருசலேமின் ஒரு மேல்மாடி அறையில் பதின்மூன்று பேர் வயிறார உண்ட இரவுச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு எப்போது, ஏன் வழிபாட்டை விட்டுப் போனது? வேதபாட வகுப்புகளில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: கொரிந்து சபையார் விருந்தில் முறைகேடாக நடந்தார்கள், பவுல் கண்டித்தார், அன்றோடு சாப்பாடு வேறு, சடங்கு வேறு என்றாகிவிட்டது. முதல் நான்கு நூற்றாண்டுச் சான்றுகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் இந்தப் பதில் நிற்கவில்லை. பந்தி போனதற்கு முதன்மையான காரணம் ஒழுக்கக்கேடு அல்ல, எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாமல் போனதுதான் என்று நினைக்கிறேன்.

கொரிந்திலிருந்தே தொடங்கலாம். கி.பி. 50களின் நடுவில் எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல் கோபப்படுவது சாப்பாட்டின் மீது அல்ல. ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்படுகிறார்கள் என்பதே அவர் குற்றச்சாட்டு. நம் ஊரில் இதைப் பந்திவஞ்சனை என்போம். ரோம உலகில் இது சர்வ சாதாரணம். ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில், விருந்தழைத்த ஒருவர் தனக்கும் நெருங்கியவர்களுக்கும் நல்ல உணவையும் மற்றவர்களுக்கு மலிவானதையும் வைத்து, மதுவையும் மூன்று தரமாகப் பிரித்து ஊற்றிய கதையை எழுதி முகம் சுளிக்கிறார். கொரிந்தின் வசதியான கிறிஸ்தவர்கள் ஊர் வழக்கப்படிதான் நடந்திருக்கிறார்கள். பசித்தவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று பவுலே சொல்கிறாரே, அதுதானே பிரிவினை என்று கேட்கலாம். அந்த வரிக்குச் சற்று முன்னால்தான், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். பந்தியையே எடுத்துவிட நினைத்தவர் காத்திருக்கச் சொல்லமாட்டார். பொறுக்கமுடியாத பசிக்காரனுக்கு ஒரு வழி காட்டுகிறார், அவ்வளவுதான்.

அடுத்த சான்று 1873இல் கிடைத்தது. ஃபிலோத்தேயோஸ் பிரையென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர், கான்ஸ்டான்டினோப்பிளில் ஒரு மடத்து நூலகத்தில் 1056ஆம் ஆண்டுக் கைப்பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். அதனுள் இருந்த, தொடக்கக் கிறிஸ்தவப் போதனை நூலான ‘திதாக்கே’ 1883இல் அச்சேறியது. முதல் நூற்றாண்டின் இறுதியையோ அடுத்ததன் தொடக்கத்தையோ சேர்ந்ததென்று பெரும்பாலோர் கருதும் இந்தச் சிறுநூலில், நன்றி ஜெபம் முதலில் கிண்ணத்துக்கு, பிறகு அப்பத்துக்கு. இன்றைய வரிசை தலைகீழாக இருக்கிறது. இது என் சரீரம், இது என் இரத்தம் என்ற வார்த்தைகளே இல்லை. உண்டு நிறைவடைந்த பின் சொல்லவேண்டிய ஜெபம் ஒன்று தனியாக இருக்கிறது. காசளவு அப்பத்தைத் தின்றுவிட்டு யாரும் நிறைவடைவதில்லை. கொரிந்துக் கண்டிப்புக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வழிபாடும் சாப்பாடும் ஒரே மேசையில் இருந்த இடம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பந்திவஞ்சனையைப் பார்த்து முகம் சுளித்த அதே பிளினி, ஏறக்குறைய 112இல் பித்தினியாவின் ஆளுநராக இருந்து திராயான் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதுகிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறிமாறிப் பாடுகிறார்கள், கலைந்துபோய், மறுபடி கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்கிறார்கள். அனுமதியற்ற சங்கங்களுக்குத் தான் தடை விதித்தபின் உணவுக்குக் கூடுவதை விட்டுவிட்டதாக அவர்களே சொன்னார்களாம். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் கூசாமல் எழுதுகிறார். அவர்கள் சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். நமக்கு இங்கே முக்கியம் ஒன்றுதான்: அரசுக்கு அச்சமூட்டியது சாப்பிடக் கூடும் கூட்டம். ஊருக்கு ஊர் சங்கங்கள் உண்டு, சங்கம் என்றால் விருந்து, விருந்து என்றால் அரசியல் என்று அஞ்சிய ஆட்சி அது. ஏறக்குறைய 155இல் ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் விவரிக்கும் ஞாயிறு வழிபாட்டில் முழுச் சாப்பாடு காணோம். வாசிப்பு, போதனை, நின்றபடி ஜெபம், அப்பம், தண்ணீர் கலந்த ரசம், ‘ஆமென்’. வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கைக் கொண்டுபோகிறார்கள். வசதியுள்ளவர்கள் தரும் காசு தலைவரிடம் சேர்ந்து, அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகிறது. ஏழைக்கு இலையில் விழுந்தது இப்போது உண்டியல் வழியாக வருகிறது.

ஆனாலும் பந்தி ஒரே நாளில் சாகவில்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197 வாக்கில் விவரிக்கும் அன்பு விருந்தில் ஜெபம், பசிக்கேற்ற சாப்பாடு, கை கழுவியபின் விளக்கேற்றி ஒவ்வொருவராகப் பாடுவது எல்லாம் இருக்கின்றன. அவரே வேறொரு நூலில், ஆண்டவர் சாப்பாட்டு வேளையில் ஏற்படுத்தியதை நாம் விடியற்காலைக் கூட்டங்களிலும் பெறுகிறோம், அதுவும் தலைவர்கள் கையிலிருந்து மட்டுமே என்கிறார். இந்தத் தேடலில் என்னை நிறுத்திய சான்று அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், அதே ஊரின் ஆயர் சிப்பிரியான் எழுதிய 63ஆம் கடிதம். காலை வழிபாட்டில் சிலர் கிண்ணத்தில் வெறும் தண்ணீரை வைத்தார்கள். விடிந்ததும் வாயில் மது நாறினால் கிறிஸ்தவர் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். மாலைச் சாப்பாட்டின்போது ரசம் கலந்துதானே படைக்கிறோம் என்பது அவர்கள் சொல்லக்கூடிய சமாதானம். சிப்பிரியானின் பதில்: நாம் சாப்பிடும்போது மக்கள் எல்லாரையும் நம் விருந்துக்கு அழைக்க முடியாது, சகோதரக் கூட்டம் முழுதும் முன்னிருக்கச் சடங்கைக் கொண்டாட முடியாது. உயிர்த்தெழுதல் காலையில் நடந்தது என்ற இறையியல் காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறார். எனக்குக் கனமாகப் படுவது முதல் காரணமே. இச்சடங்குக்குப் பலி என்ற சொல்லை அவரைவிட அழுத்தமாகக் கையாண்டவர்கள் அந்நாளில் குறைவு. அவரே தத்துவத்துக்கு முன் ஆள்கணக்குப் பேசுகிறார். எல்லாரும் இருக்கவேண்டும் என்பதற்காகவே சாப்பாட்டைக் கைவிட்டார்கள். பவுல் கேட்டதும் எல்லாரும் சேர்ந்திருப்பதைத்தான். யூப்ரட்டீஸ் கரையில் 256இல் அழிந்த தூரா எவ்ரோப்போஸ் நகரின் வீட்டுக் கோவிலும் இதற்கு ஒத்துப்போகிறது. இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து, ஒரு முனையில் சிறு மேடை வைத்த நீள்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். பல பத்துப் பேர் நின்று கேட்கலாம். சாய்ந்து படுத்து விருந்துண்ண முடியாது.

வழிபாட்டின் வேர் மேசையில் அல்ல, யூத ஜெப ஆலயத்தில் என்பது பழைய மறுப்பு. வாசிப்பு, போதனை என்ற முதற்பகுதிக்கு அது பொருந்தலாம். ஆனால் முதல் நூற்றாண்டு ஜெப ஆலய முறைமை பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிந்திய நூல்களிலிருந்து வருவது. அதைவிட வலுவான மறுப்பு வழிபாட்டு வரலாற்றாசிரியர் பால் பிராட்ஷாவுடையது: ஒரே தொடக்கம், ஒரே வளர்ச்சி என்று கோடு போடாதீர்கள், இடத்துக்கு இடம் வழக்கம் வேறு என்கிறார் அவர். கடைசி இராவுணவின் ஏழு செயல்கள் வழிபாட்டில் நான்காகச் சுருங்கின என்று 1945இல் இன்னொரு வழிபாட்டு ஆய்வாளர் கிரகரி டிக்ஸ் வரைந்த அழகான படம் இதில் அடிபட்டுத்தான் போகிறது. என் வாதத்துக்கு ஒரே கோடு தேவையில்லை. பித்தினியாவில் அரசாணை, கார்த்தேஜில் கூட்டப் பெருக்கம் என்று காரணங்கள் வேறாக இருக்கட்டும்; வழிகள் பலவானாலும் போன திசை ஒன்றே. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா மன்றம், கோவிலுக்குள் அன்பு விருந்து வைப்பதையும் சாய்ந்துண்ண மெத்தை விரிப்பதையும் தடைசெய்தபோது, ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருந்த விருந்தாளிக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

சாப்பாடு போனதால் இழப்பு ஒன்றுமில்லை, பொருள் அப்பத்துக்குள் அப்படியே இருக்கிறது என்பாரும் உண்டு. இதற்குப் பதில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாக உட்கார்ந்து, சாதி வரிசையில் திருவிருந்துக்கு வந்த சபைகள் இருந்தன. இதை உடனே விடவேண்டும் என்று 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் எழுதியபோது பலர் சபையை விட்டே போனார்கள். எதிர்த்தவர்களில் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒருபடி மேலே போய், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் உண்ணவேண்டும் என்றது. கட்டாயத்தால் மனம் மாறாது என்று லைப்சிக் லுத்தரன் மிஷன் ஏற்க மறுத்தது. கட்டாயத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரியே. சோதனையாக வைக்கப்படும் சோறு விருந்தாகாது. ஆனால் இரு தரப்பும் ஒன்றை அறிந்திருந்தன. ஒரே கிண்ணத்தின் மிடறு, வரிசை மட்டும் மாறாமல் இருந்தால், சாதியோடு சமாதானமாக வாழமுடிந்தது. ஒரே பந்தியின் சோறுதான் வாழவிடவில்லை. இன்றும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகை நாள் அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் வேகின்றன. அது ஆராதனை முடிந்தபின், கோவிலுக்கு வெளியே. ஆராதனை முறைமைப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.