ஹால்ட் பஸ்

நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். இரவு பத்தேகாலுக்கு வரும் கடைசி பஸ் ஊரிலேயே தங்கிவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்குள் மதுரைக்குக் கிளம்பும். ஹால்ட் பஸ் என்போம். அது வந்து சேர்ந்த பிறகுதான் ஊர் கதவைச் சாத்தும்.

பிள்ளையார் கோயிலை ஒட்டிய மேட்டில்தான் அதை நிறுத்துவார்கள். பனிக்காலத்தில் செல்ஃப் எடுக்காவிட்டால் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்பது கணக்கு. பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் இரண்டு கருங்கற்கள் எப்போதும் கோயில் சுவரோரம் கிடக்கும். வேறு எதற்கும் ஊரில் யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். மேட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீரும் கோரைப்பாயும் வைத்துவிட்டுத்தான் அப்பத்தா படுக்கப் போவாள். மீந்த குழம்பிருந்தால் அதுவும் மூடி வைத்திருக்கும்.

எனக்குத் தூக்கம் வராது. கண்டக்டர் அண்ணன் கணக்கு முடிப்பதைப் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குள் ஒரே ஒரு மஞ்சள் பல்பு எரியும். தோல் பையை சீட்டில் கவிழ்த்து, நோட்டுகளைத் தலை மாறாமல் அடுக்கி, சில்லறையைத் தனியே குவிப்பார். ஒரு ரூபாய்களைப் பத்துப் பத்தாக அடுக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொரு விலைக்கும் ஒரு நிறத்தில் டிக்கெட் கட்டு. மிச்சமிருக்கும் முதல் டிக்கெட்டின் எண்ணைப் பார்த்து வே பில்லில் எழுதுவார். எழுதியதற்கும் பையில் இருப்பதற்கும் ஐந்து ரூபாய் இடித்தாலும் முகம் மாறிவிடும். இரண்டு முறை எண்ணிப் பார்த்து, கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போடுவார். அவர் உள்ளங்கை கருத்து, நாணயத்தின் வாடை அடிக்கும். தூங்கப் போகும்போது என் கையிலும் அதே வாடை இருக்கும்.

டிரைவர் மாமா பேச மாட்டார். வந்ததும் வேட்டிக்கு மாறி, திண்ணையில் உட்கார்ந்து இடது காலை நீட்டித் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். எஞ்சின் பானெட் அவருக்கு இடப்பக்கம். நாள் முழுக்க அந்தச் சூடு, போதாததற்கு அதே காலால் கிளட்ச் மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் காய்த்து, தொட்டால் மரப்பட்டை போல இருக்கும். பதினொன்றரைக்குக் கண்ணை மூடுவார். நாலரைக்கு, பூப்பறிக்கும் தோட்டத்திலிருந்து ஆளனுப்பி அப்பத்தா எழுப்பிவிடுவாள்.

ஒரு நாள் பணி முடிவதற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் நடுவே ஒன்பது மணி நேரத் தொடர் ஓய்வு இருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னதைக் கல்லூரியில் படித்தேன். எங்கள் திண்ணையில் அவருக்குக் கிடைத்தது ஐந்து மணி நேரம். ஹால்ட் டூட்டியைச் சேர்த்துக் கணக்கிடும் முறை வேறு என்பார்கள். தாளில் அது சரியாகக்கூட இருக்கலாம். பூ மூட்டைகளோடும் எண்பது பேரோடும் இருட்டில் வண்டியைச் சரிவில் இறக்கும் அந்த மனிதரின் சிவந்த கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த பஸ்தான் எங்கள் ஊருக்குச் சோறு. மல்லிகை மொக்கு விரிவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். மூன்று மணிக்கே பெண்கள் டார்ச் விளக்கோடு தோட்டத்தில் இறங்குவார்கள். முதல் பறிப்பு ஹால்ட் பஸ்ஸில் ஏறும். ஈரத்துணி சுற்றிய மூட்டைகளுக்குக் கண்டக்டர் அண்ணன் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே வர, வண்டி முழுக்க வாசம் ஏறிவிடும். வெயில் வந்த பிறகு போனால் பாதி விலைதான்.

2001 தீபாவளிக்கு முன்பு, ஒரு ராத்திரி, மாமா தானாகவே பேச்சை எடுத்தார்.

"ஆத்தா, இன்னும் நாலஞ்சு நாள்ல வண்டி ஓடாதுபோல. பூவுக்கு வேற வழி பாத்து வச்சுக்கங்க."

"என்னப்பா திடீர்னு?"

"போனஸ கொறச்சுட்டாக ஆத்தா. பேசிப் பாத்தாச்சு. கேக்குற மாதிரி இல்ல."

1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அந்தத் தகராறு முழுவதும் நடந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது என்பது மட்டும்தான் கவலை.

சொன்னபடியே ஒரு ராத்திரி பஸ் வரவில்லை. மறுநாளிலிருந்து ஊரின் நடை மாறியது. மினி பஸ் ஒன்று படியில் ஆள் தொங்க வந்து நிற்காமல் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் கண்மாய்க் கரையோரம் நடந்து பள்ளிக்கூடம் போனோம். மதுரையில் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்த தெருக்கோடித் தாத்தா துணிப்பையோடு திரும்பி வந்தார். பூவை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். அது நாலு ஊர் சுற்றி மூட்டை சேர்த்துக்கொண்டு போவதற்குள் மொக்கெல்லாம் வாய் திறந்துவிடும். விரிந்த பூ மாலைக்கு ஆகாது. சென்ட் பேக்டரிக்காரர்கள் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

டீக்கடையில் ஒரே வசவு. மாசமானா சம்பளம் வாங்குறவனுக்கு என்ன கேடு, நம்ம வயித்துல அடிக்கிறானுக என்று ஒரு தோட்டக்காரர் சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று அவருக்குப் போனது உண்மையான காசு. டீ வாங்கப் போன அப்பத்தாவோடு நானும் நின்றிருந்தேன். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏன்ப்பா, நாங்க பறிக்க மாட்டோம்னு நின்ன வருசம் மறந்துபோச்சாக்கும்?"

அது நான் கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது. ஊரில் சொல்லிச் சொல்லி எனக்கும் நேரில் பார்த்ததுபோல் ஆகியிருந்தது. பறிகூலி பல வருசமாக ஏறவே இல்லை. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டார்கள் பெண்கள். பாக்கலாம், பாக்கலாம் என்றே இரண்டு சித்திரை போய்விட்டது. ஒரு சாயங்காலம் அப்பத்தாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஒவ்வொரு தோட்டக்காரர் வீட்டு வாசலிலும் நின்று, நாளைக்குக் காலையில் யாரும் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னபடி இறங்கவில்லை. பத்து மணி வெயிலில் தோட்டம் முழுக்க வெள்ளையாக விரிந்து கிடந்ததாம். பார்க்க அத்தனை அழகு, விற்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் பறித்தார்கள். அந்த வீட்டில் மறுநாள் கல்யாணம். மணவறைக்கும் மாலைக்கும் வேண்டிய அளவு பறித்துக் கொடுத்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் கூலி ஏறியது.

டீக்கடையில் அப்பத்தா அதைத்தான் நினைவுபடுத்தினாள். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பூ விரியறதுக்குள்ள பறிக்கணும்கிற அவசரத்துக்குத்தான நம்மளக் கூப்புடுறாக. அந்த அவசரம் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. அதையும் புடுங்கிக்கிட்டா, அப்பறம் நம்ம பேச்ச யாரு காது கொடுத்துக் கேப்பாக?" சத்தம் போட்டவர் பதில் சொல்லவில்லை. பூ நஷ்டம் நஷ்டம்தான் என்று முனகிக்கொண்டே போனார்.

வேலைநிறுத்தம் முடிந்து ஹால்ட் பஸ் திரும்பிய ராத்திரி, கண்டக்டர் அண்ணனின் கை வேறு மாதிரி இருந்தது. விரலிடுக்கெல்லாம் சிமென்ட் அரித்து வெடித்திருந்தது. நின்ற நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. கட்டட வேலைக்குக் கையாளாகப் போயிருக்கிறார். சில்லறையை எண்ணும்போது எரிந்திருக்க வேண்டும், அடிக்கடி கையை உதறிக்கொண்டார். நான் கேட்டேன்: "காசு வாங்காம ஓட்டியிருக்கலாம்ல அண்ணே? எங்களுக்கும் பஸ் இருந்திருக்கும், அவுகளுக்கும் உறைச்சிருக்கும்." அவர் சிரித்தார். "ஒரு ஆளுக்கு டிக்கெட் போடாம விட்டாலே எனக்கு மெமோ தாயி. வேலைக்கு வராட்டி சண்டை. வந்துட்டு டிக்கெட் போடாட்டி திருட்டு."

2018ஆம் ஆண்டு ஜப்பானின் ஒகயாமா நகரத்தில் பஸ் ஓட்டுநர்கள் அதையேதான் செய்தார்கள். வண்டியை ஓட்டினார்கள், கட்டணம் வாங்கவில்லை. செய்தியைப் படித்தபோது எனக்கு அண்ணனின் வெடித்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

அதே 2018 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் பஸ்கள் நின்றன. போக்குவரத்துத் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் பேச்சு, மீண்டும் பேச்சு. தொழிற்சங்கங்கள் கேட்ட ஊதியக் காரணி, அதாவது அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கும் எண், 2.57; அரசு தருவதாகச் சொன்னது 2.44. ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய நிலுவைகளும் கிடந்தன. ஜனவரி 4 மாலை பேச்சு முறிந்தது. அன்றிரவே வண்டிகள் டெப்போவுக்குத் திரும்பின, பயணிகள் பஸ் நிலையங்களில் நின்றார்கள். மறுநாளே பணிக்குத் திரும்பச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டிகள் ஓட்டப்பட்டன. 11ஆம் தேதி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் மத்தியஸ்தம் செய்வார் என்ற ஏற்பாட்டில் அது முடிவுக்கு வந்தது.

அந்த முதல் இரவு மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. கைக்குழந்தையோடு பாதி வழியில் நிற்கும் பெண்ணுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அப்பத்தாவும் மற்ற பெண்களும் முதல்நாள் சாயங்காலமே வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார்கள். டிரைவர் மாமா நாலைந்து நாள் முன்பே சொன்னார். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டமும் பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் முன்னறிவிப்பு கொடு, கொடுத்தபின் பதினான்கு நாள் பொறு, சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தாதே என்றுதான் கேட்டது. உரிமை இருக்கிறது, அதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் உரிமையே கிடையாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2003இல் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. அந்தத் தீர்ப்பைப் பஸ் தொழிலாளர்கள் மீதும் பலர் எடுத்து வீசுகிறார்கள். மக்களுக்கு அத்தியாவசியமான வேலை, ஆகவே நிறுத்தக் கூடாது என்பது வாதம். பஸ் நின்றால் என்ன ஆகும் என்பது கண்மாய்க் கரையோரம் நடந்துபோன எனக்குத் தெரியும். அப்படி அத்தியாவசியமானவர்களின் ஒப்பந்தம் முடிந்து ஓராண்டுக்கு மேல் எப்படிக் கிடப்பில் கிடக்கலாம்? ஓய்வு பெற்றவரின் சேமிப்புப் பணம் எப்படி நிலுவையில் நிற்கலாம்? நாலரை மணிக்கு எழுப்பப்படும் மனிதரிடம், இந்த நேர அட்டவணையில் என்னால் பத்திரமாக ஓட்ட முடியாது என்று சொல்லும் வழியையும் பறித்துக்கொண்டால், வண்டிக்குள் இருக்கும் எண்பது பேருக்கு அது எப்படி நல்லது?

கல்யாண வீட்டுக்கு மட்டும் பூப்பறித்துக் கொடுத்தார்களே, அந்தக் கணக்குதான் எனக்கு வழி காட்டுகிறது. இத்தாலியில் 1990இல் வந்த சட்டம் அதைப் போன்றது. வேலைநிறுத்தம் செய்யலாம், ஆனால் காலையும் மாலையும் ஜனங்கள் வேலைக்குப் போய்வரும் குறிப்பிட்ட நேரங்களில் வண்டி ஓட வேண்டும். இங்கேயும் அதைச் செய்ய முடியும். மருத்துவமனைக்குப் போகும் தடங்கள், கிராமத்துக்கு இருக்கும் ஒரே பஸ், பரீட்சை நாள் காலை நடை இவற்றைச் சங்கங்களும் நிர்வாகமும் முன்பே உட்கார்ந்து எழுதிவைக்கலாம். ஒப்பந்தம் காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பே பேச்சு தொடங்க வேண்டும், தொடங்காவிட்டால் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால், அறிவித்துவிட்டு நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு இருந்தே ஆக வேண்டும்.

பஸ் வேலைநிறுத்தம் என்று தொலைக்காட்சியில் ஓடும்போதெல்லாம் பயணிகள் அவதி என்ற இரண்டு வார்த்தையோடு செய்தி முடிந்துவிடுகிறது. அவதி உண்மை. ஆனால் எந்தத் தேதியில் ஒப்பந்தம் முடிந்தது, எத்தனை முறை கூப்பிட்டுப் பேசினார்கள், யார் எழுந்து போனார்கள் என்ற கேள்விகளையும் பயணிகளாகிய நாம் சேர்த்தே கேட்க வேண்டும். பஸ்ஸை நம்பிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை நான். அதை ஓட்டுகிறவர்களின் பக்கம் நின்று கேட்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.