பரணில் கிடந்த துப்பாக்கி

பழைய துப்பாக்கி ஒன்று பரணிலோ குதிருக்குப் பின்னாலோ அகப்பட்டுவிட்டால், அது கட்டபொம்மன் காலத்தது என்று சொல்லிவிடுவது எங்கள் தென்பாண்டிச் சீமையின் வழக்கம். வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். அன்றைய படைத் துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பி வெடித்தவை. கல்லுக்குப் பதிலாகச் சுத்தியல் ஒரு சிறு செப்புத் தொப்பியைத் தட்டி வெடிக்கும் முறை ஆங்கிலப் படையில் 1840ஐ ஒட்டியே புகுந்தது. நம் சிறுவர்கள் தீபாவளிக்கு வெடிக்கும் கேப்பின் தத்துவம்தான் அது. கல் துப்பாக்கிகளைப் பின்னாளில் மாற்றியமைத்ததும் உண்டெனினும், சுத்தியலின் வாயைப் பார்த்தாலே காலத்தைப் பற்றிப் பாதிச் செய்தி கிடைத்துவிடும். அவ்வளவு பார்வையைக்கூடச் செலவிடாமல் வரலாறு பேசுவோர் நம்மிடையே மிகுதி.

படை வரலாற்று நூல்களில் எனக்கு இளமை முதலே பற்று உண்டு. குருவானவருக்கு ஏன் இந்த ஆசை என்று வினவுவோருக்கு நான் விடை கூறுவதில்லை. அந்தப் பற்றினாலும், ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிப்பார் என்ற நம்பிக்கையினாலும், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் என்னைத் தம் வீட்டிற்கு அழைத்தனர். ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது பரணில் ஒரு நீளத் துப்பாக்கி கிடைத்திருந்தது. பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்த வேளை அது. நகரத்துத் தரகர் ஒருவர் வந்து பார்த்துப் பல இலட்சம் பெறும் என்று சொல்லிச் சென்றிருந்தார். அண்ணனின் மகன் அமெரிக்க ஏலம் ஒன்றின் விலையைக் கைப்பேசியில் காட்டினான். இதனை நம்பி, கிணற்றில் தமக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துத் துப்பாக்கியைத் தாம் எடுத்துக்கொள்ள அண்ணன் இசைந்திருந்தார். வானம் பார்த்த பூமியில் கிணற்றுப் பங்கு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

“சாமி, கட்டபொம்மன் துப்பாக்கிதானே?” என்றார் அண்ணன்.

“முதலில் இதில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்போம், ஐயா” என்றேன்.

இதை யாரும் மறத்தலாகாது. முகவாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துப்பாக்கியில், என்றோ ஒருவர் இட்ட மருந்து ஈரம் படாமல் உறங்கிக்கொண்டிருக்கலாம். மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைக் குழலினுள் மெதுவாகச் செலுத்தி, அது நின்ற இடத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அடிவரை சென்றிருந்தால் வெறுங்குழல்; சில விரற்கடை முன்பே நின்றிருந்தால் கையை எடுத்துவிட்டுக் காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்ப வேண்டும். எங்கள் குச்சி அடிவரை சென்றது.

நீளம் 55 அங்குலம். குழலை மரத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் மூன்று. பூட்டுத் தகட்டில் முடிச் சின்னம், அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்னும் இரண்டெழுத்து, “டவர்” என்ற சொல், 1859 என்ற ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கென வணிகர் ஏற்றுமதி செய்தவற்றில் பெரும்பாலும் முடி மட்டுமே இருக்கும், வி.ஆர். இராது. ஏலத்தில் உயர்விலை பெற்றது அந்தப் போரில் தென்மாநிலப் படையின் முத்திரை தாங்கிய ஒன்று. பரணில் கிடந்தது அதற்கு உறவுமுறையே தவிர, அதுவன்று.

தோற்றத்தில் இது 1853ஆம் ஆண்டின் புகழ்பெற்ற என்ஃபீல்டு ரைபிள். ஆயினும், ரைபிள் என்னும் பெயரே குழலின் உட்புறம் மரைபோல் சுருண்டோடும் வரிப்பள்ளங்களால் வந்தது. அவைதாம் குண்டைச் சுழலச் செய்து நெடுந்தொலைவு நேரே செலுத்துபவை. என்ஃபீல்டில் மூன்று பள்ளங்கள் இருக்கும். விளக்கொளியில் உள்ளே பார்த்தோம். ஒன்றுமில்லை, புல்லாங்குழல்போல் வழவழப்பு. தேய்ந்துபோயிருக்குமோ? லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அளவுகோல் கொணர்ந்து முகவாயை அளந்தார். என்ஃபீல்டின் வாய் 14.7 மில்லிமீட்டர், இதுவோ பதினாறரைக்கும் சற்று மேல். தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் ஏணிக் குறிநோக்கி இருக்க வேண்டிய இடத்தில், அசையாத சிறு இரும்புக் கட்டை மட்டும். இனி ஐயமில்லை.

1857இல் கொழுப்புப் பூசிய தோட்டா பற்றிய வதந்தி சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தத் தோட்டா இந்த 1853 ரைபிளுக்கு உரியதே. கிளர்ச்சி அடங்கியபின், ரைபிளை இந்தியர் கையில் கொடுக்க ஆள்வோர் அஞ்சினர். ஆகவே 1858இலும் 1859இலும் இந்தியப் படையினருக்கென்றே தனி மாதிரி வகுத்தனர். வெளியே அதே மரம், அதே பட்டைகள், அதே முடிச் சின்னம். உள்ளே வரிப்பள்ளம் இல்லை, வாய் 0.656 அங்குலம். அணிவகுப்பில் நிற்கும்போது வெள்ளைச் சிப்பாயின் ஆயுதமும் நம்மவன் ஆயுதமும் ஒன்றாகவே தோன்றும். சுடும்போதுதான் வேறுபாடு தெரியும். நூறு கெஜத்துக்கு அப்பால் நம்மவன் குண்டு எங்கே செல்லும் என்பது அவனுக்கே தெரியாது. தனக்காக உயிர்விட வேண்டியவனை நம்பாத அரசு, அந்த அவநம்பிக்கையைக் குழலுக்குள் ஒளித்து வைத்து அவன் தோளிலேயே சுமத்தியது. பிறகும் இதே வழிதான்: ஆங்கிலப் படை 1871இல் மார்டினி–ஹென்றியையும், 1888இல் லீ–மெட்ஃபோர்டையும் ஏற்றபோது, இந்தியப் படைக்கு ஒரு தலைமுறை பிந்தியதே கிடைத்தது.

இதை நான் விளக்கியபோது தம்பி அந்தக் குழலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனோ, “அப்போ விலை, சாமி?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு.

விலையைத் தீர்மானிப்பது தொன்மை மட்டுமன்று. முத்திரைகள் தெளிவாயிருத்தல், உறுப்புகள் மாறாதிருத்தல், காலம் பூசிய கருமை கலையாதிருத்தல் ஆகியவற்றையே அறிந்தவர் முதலில் தேடுவர். தரகரின் சொல்லைக் கேட்டு மூத்தவர் உப்புத்தாளால் குழலை வெள்ளிபோல் தேய்த்திருந்தார். அடிப்புறத்துச் சோதனை முத்திரைகள் அழிந்துவிட்டன. பாட்டன் துருப்பிடிக்க விட்டிருந்தால்கூட இத்துணை இழப்பு இராது. மேலும், 2003இல் காத்மாண்டு அரண்மனைக் கிடங்கிலிருந்து இத்தகைய பழைய ஆயுதங்கள் பல்லாயிரம் அமெரிக்க வணிகர் கைக்குச் சென்றன. அரிய பொருள் என்ற பேச்சும் அதனால் குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. டாலர் விலையைக் கணக்கிட்டு ஆவதென்ன?

உள்நாட்டிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்டு. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழங்கால ஆயுதத்துக்கு அதன் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுட இயலுமானால் உரிமம் வேண்டும். இந்தத் துப்பாக்கியின் சுத்தியலோ விரலால் இழுத்தால் இன்றும் நிமிர்ந்து நின்றது. தரகர் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை சகோதரர் இருவரும் கிணற்றைப் பொதுவில் வைப்பதென எழுதிக்கொண்டனர். பின்னர், தகவல் சொல்லிவிட்டுத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். எழுத்தர் நீளம், முத்திரை, ஆண்டு எல்லாம் குறித்து ரசீது எழுதினார். “உள்ளே வரிப்பள்ளம் இல்லை என்பதையும் எழுதுங்கள், ஐயா” என்று தம்பி கேட்டு எழுதுவித்தார்.