நாற்காலி காலியாகும் நாள்

சமூகவியல் படிக்கிறேன் என்று சொன்னால் நம் உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அதப் படிச்சா சமூக நல இலாகாவுலயா வேலை கிடைக்கும்?" இளங்கலையிலும் முதுகலையிலுமாக ஆறு ஆண்டுகள் நான் இதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இங்கே வேறொரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் மக்களின் வாழ்க்கையை அறிந்த ஒரு விரிவுரையாளர் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலியில் அடுத்து அமரப்போவது யார்? அவர் எங்கிருந்து வருவார்?

முதுகலையின் இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்வி என் வாசலுக்கே வந்தது. தோட்டம் விற்கப்பட்ட பின் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றியது என் ஆய்வு. 31 பேரிடம் தமிழில் பேட்டி எடுத்திருந்தேன். என் மேற்பார்வையாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பெரட்டு, தண்டல், கிராணி, மங்கு என்ற சொற்களை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டி, "பெரட்டுல எம் பேரு கூப்பிடாத நாள்லருந்து காலையில எந்திரிக்கவே புடிக்கல" என்று சொன்னதைப் படித்துவிட்டு, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த வரியிலிருந்து அத்தியாயத்தைத் தொடங்கு" என்றார். அடுத்த ஆண்டு அவருக்கு 60 வயது நிறைந்தது. பிரியாவிடை விருந்து நடந்தது. பொன்னாடை போர்த்தினோம். மறுநாள் அவர் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

நம் நாட்டில் இத்துறையே ஒரு பெரிய காயத்திற்குப் பிறகு வளர்ந்ததுதான். 1969 மே 13 கலவரத்தை அடுத்து, 1970இல் நேதன் கிளேசர், சாமுவேல் ஹண்டிங்டன் உள்ளிட்ட நான்கு அமெரிக்க அறிஞர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். தேசிய ஒற்றுமைக்குச் சமூக அறிவியல் ஆய்வு தேவை என்பது அதன் சாரம். அதே ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும், 1970களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல், சமூகவியல் துறைகள் உருவாயின. அப்போது முனைவர் பட்டம் பெற்ற உள்நாட்டவர் மிகக் குறைவு. அதனால் நல்ல பட்டதாரிகளை டியூட்டர்களாக எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்து, ஒப்பந்தப்படி திரும்பவந்து பணியாற்றச் செய்தார்கள். ஆளைத் தேடினார்கள் என்பதைவிட, ஆளை உருவாக்கினார்கள் என்பதே பொருந்தும்.

என் மேற்பார்வையாளரின் இடத்திற்கு விளம்பரம் வந்தபோது நான் துறையில் ஆய்வு உதவியாளராகவும் இருந்தேன். நேர்முகத்திற்கு முன், இறுதிப் பட்டியலில் இருந்த மூவர் மாதிரி விரிவுரை ஆற்றினார்கள். மண்டபம் ஏற்பாடு செய்வதும் தேநீர் சொல்வதும் என் வேலை. மாணவர்கள் கேள்வி கேட்கலாம், முடிவு குழுவினுடையது.

முதலாமவர் தமிழர். தோட்டத்து இளைஞர்கள் தொழிற்சாலைகளுக்குப் போன கதையை ஆராய்ந்து வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பேசியபோது பின்வரிசையில் இருந்தவர்கள்கூடக் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. ஆனால் ஒன்பது ஆண்டுகளாகத் தனியார் கல்லூரிகளில் ஒப்பந்த வேலை. தேநீர் வேளையில் அவரே என்னிடம் சொன்னார்: "வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பும்மா. அதுக்கப்புறம் கட்டுரை எப்ப எழுதுறது?" அவர் பெயரில் இரண்டே ஆய்வுக் கட்டுரைகள். இரண்டாமவர் ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண்மணி, புதுக்கிராமங்களில் முதியோர் நிலையை ஆராய்ந்தவர், ஒன்பது கட்டுரைகள். மூன்றாமவர் வெளிநாட்டவர். மலாய்மொழியில் பாடம் நடத்த இயலாததால் அவர் வாய்ப்பு அங்கேயே குறைந்தது.

இரண்டாமவர் தேர்வானார். எங்கள் தமிழ் மாணவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் கையிலிருந்த விதிகளின்படி அந்த முடிவு தவறன்று. 2006இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு, ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களில் இடம்பெறும் இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு மதிப்பு ஏறிவிட்டது. தமிழில் எழுதிய ஆய்வுக் கட்டுரை எத்தனை ஆழமானதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைத்தான் குழு எண்ணியது. எழுத நேரமில்லாமல் போனதை எண்ண அதனிடம் கட்டமில்லை.

புதிய மேற்பார்வையாளர் என் ஆய்வைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பேட்டிகளின் தமிழ் மூலத்தையே பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். "மொழிபெயர்ப்பை மட்டும் வைத்தால் நாளை யாரும் சரிபார்க்க முடியாது" என்றார். பெரட்டு என்றால் என்ன என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். ஒருவரை அறிய அதே இனத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. மலாயா இந்தியர் குடியேற்றம் பற்றி 1969இல் விரிவான நூல் எழுதிய கெர்னியல் சிங் சந்து ஒரு சீக்கியர். தோட்டத் தமிழரைப் பற்றி 1970இல் நூல் எழுதிய ரவீந்திர ஜெயின் இந்தியாவிலிருந்து வந்தவர். எனினும், நம்மிடையே உள்ள சாதி உணர்வைப் பற்றி 1984இல் நூல் எழுதிய ராஜகிருஷ்ணன் ராமசாமி போன்றோரும் வேண்டும். வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்காரரே கேள்வி கேட்கும்போது மழுப்ப முடியாது.

ஓய்வு நாள் திடீரென்று வருவதில்லை. விரிவுரையாளரின் பிறந்த தேதி, அவர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கோப்பில் இருக்கிறது. முதுகலைக்கு இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்திற்கு நான்கு ஆண்டு, கட்டுரைகள் வெளிவர இன்னும் இரண்டு மூன்று ஆண்டு என்று கூட்டிப் பாருங்கள். காலியாகப்போகும் நாற்காலிக்கு எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் புறப்பட்டிருக்க வேண்டும். நாமோ பிரியாவிடை விருந்தில்தான், "அடுத்து நம்மாள் யாரு?" என்று கேட்கிறோம்.

அன்புத் தம்பி தங்கைகளே, பல்கலைக்கழகத்தின் விதிகளை மாற்றுவது இன்று நம் கையில் இல்லை. ஆனால் இளங்கலை ஆய்வேட்டில் நன்றாகச் செய்த மாணவரைப் பார்த்து, "மேலே படி" என்று சொல்வது நம் கையில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை திரட்டும் முன்னாள் மாணவர்கள், களப்பணிக்குப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் தவிக்கும் ஆய்வு மாணவரையும் நினைக்கலாம். ஒப்பந்த வேலையில் தேங்கி நிற்கும் ஒருவர் மூன்று மாதம் விடுப்பெடுத்து இரண்டு கட்டுரை எழுத உதவினால், அடுத்த நேர்முகத்தில் அவர் கோப்பு வேறு மாதிரி இருக்கும்.

அந்த முதலாமவர் இன்னும் தனியார் கல்லூரியில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டிலிருந்து இருவரும் சேர்ந்து என் 31 பேட்டிகளைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதி வருகிறோம். முதல் வரி, பாட்டி சொன்னதுதான்.